மாதக் கூட்டத்தைத் தொடரலாமா, கலைச்சிடலாமா? – டர்பனில் நடனம் அமைக்கிறவங்ககிட்ட ஒரு கேள்வி

தட்டுக்கழி (சாட்ஸ்வர்த், டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

நான் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்து 16 வருஷம் ஆச்சு. சாட்ஸ்வர்த்துல பரதம் சொல்லித் தர்றேன். சொல்லித் தர்றதுல குறை இல்ல. பிள்ளைங்க வர்றாங்க, அரங்கேற்றம் நடக்குது. புதுசா ஒரு உருப்படி அமைக்க உட்கார்ந்தாத்தான் ஆள் இல்லாம திண்டாட்டம். ஊர்ல வாத்தியார் இருந்தார், பாட்டுக்காரர் இருந்தார், ஜதி பிசகினா சுள்ளுன்னு பார்க்க நாலு பேர் இருந்தாங்க. இங்க நான் எதை அமைச்சாலும் பிள்ளைங்களோட அம்மாமார் "வெரி நைஸ் டீச்சர்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்த நைஸை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

அதனால போன வருஷம் ஜனவரியில 7 பேர் சேர்ந்தோம். பரதம் மூணு பேர், கதக் ஒருத்தர், கன்டெம்பரரிங்கற நவீன நடனம் ரெண்டு பேர் (அதுல ஒருத்தர் உம்லாஸியிலேர்ந்து வர்ற தம்பி, சின்ன வயசுலேர்ந்து இன்ட்லாமுங்கற ஸூலு ஆட்டம் ஆடினவர்), அப்புறம் நட்டுவாங்கம் பண்ற, அதாவது தாளம் தட்டி ஜதி சொல்ற மெட்டுக்காரி அக்கா. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு ஒரு கோயில் ஹால்ல கூடுவோம். விதி ஒண்ணே ஒண்ணுதான்: முடிஞ்சு போன உருப்படியைக் கொண்டு வரக் கூடாது. எங்க முட்டி நிக்குதோ அதைத்தான் ஆடிக் காட்டணும்.

முதல் நாலஞ்சு மாசம் அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குத் திரும்பும்போது கார்லயே தொடையில தாளம் போட்டுக்கிட்டு வருவேன்.

அப்புறம் ரெண்டு விஷயம் நடந்துது. ஜூன்ல ஒரு தோழி கரும்புத் தோட்டத்தைப் பத்தி 6 நிமிஷம் ஆடிக் காட்டினா. ஆடி முடிச்சு மூச்சு வாங்கிட்டு நிக்கறா, ஒருத்தர் "இது ஸ்கூல் கான்சர்ட் மாதிரி இருக்கே"ன்னுட்டார். அவ சிரிச்சா. பையை எடுத்தா. அதோட சரி, இன்னிக்கு வரைக்கும் வரல.

ரெண்டாவது என் சங்கதி. மார்ச்ல நான் ஒண்ணு காட்டினேன். ஒரு கால்ல சலங்கை, இன்னொரு கால்ல சுரங்கத் தொழிலாளி போடுற கம்பூட். இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த நம்ம பாட்டன் ஒரு கால், தங்கம் வெட்டப் போன ஸூலுக்காரர் ஒரு கால், உடம்பு ஒண்ணு. ஆகஸ்ட்ல ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனா, மேடையில 12 பிள்ளைங்க, ஒரு கால்ல சலங்கை, ஒரு கால்ல பூட்ஸ். அமைச்சது எங்க கூட்டத்துல உட்கார்ந்திருந்த ஒருத்தர். பேரு வேண்டாம்.

அன்னிலேர்ந்து கூட்டம் நடக்கல. தொடரலாமா, போதும்னு விட்டுடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

மார்கழி_மாமா (பிரிட்டோரியா)

அம்மா, கேட்டதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கலை கூட்டத்தில் பிறப்பதில்லை. தனியாக ஒரு மனுஷன் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு புரண்டு யோசித்துக் கொண்டு வருவது அது. ஏழு பேர் சேர்ந்து சமைத்தால் சாம்பாரில் ஏழு உப்பு.

சென்னையில் கிருஷ்ண கான சபா 1981-லிருந்து மார்கழியில் நாட்டியக் கலா மாநாடு நடத்துகிறது. நான் ஊரில் இருந்தவரை காலையில் காபி குடித்த கையோடு போய் உட்கார்ந்துவிடுவேன். பெரியவர்கள் பேசுவார்கள், ஆடிக் காட்டுவார்கள், நாம் கேட்டுக்கொள்வோம். அரைகுறையை யாரும் மேடைக்குக் கொண்டு வர மாட்டார்கள். அரைகுறையைக் காட்டுவதற்கு வீட்டுக் கண்ணாடி இருக்கிறது.

---

ஆறடிப்_பேரன் (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

வணக்கம். என் தமிழ் கொஞ்சம் பாடப் புத்தகத் தமிழாக இருக்கும், மன்னிக்கவும். நான் இங்கே நான்காம் தலைமுறை. முப்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றேன்.

மாமா சொல்வதற்கு மறுப்பு. என் தாத்தா இங்கே கூத்து ஆடியவர். தெருக்கூத்தை இங்கே எல்லாரும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள், அதனால்தான் என் பெயர் ஆறடிப் பேரன். சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆண்கள் ஐந்தாறு பேர் ஒரு மரத்தடியில் உட்கார்வார்களாம். யாரிடமும் முழுக் கதை கிடையாது. ஒருவருக்கு அர்ச்சுனன் தபசில் பாதிப் பாட்டு தெரியும், இன்னொருவருக்கு அடவு தெரியும், மூன்றாமவர் கட்டியங்காரன் வசனத்தை அப்பாவிடம் கேட்டவர். ஆளுக்கொரு துண்டாகக் கொண்டு வந்து போட்டுத்தான் ஓர் இரவுக் கூத்து தேறும். தனியாகத் தூக்கம் வராமல் புரண்டிருந்தால் ஒருவரிடமும் முழுக் கூத்து இருந்திருக்காது.

1860 நவம்பர் 16-ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது யாரும் நட்டுவனாரைக் கூடவே ஏற்றி வரவில்லை. எல்லாம் ஞாபகத் துண்டுகள்தான்.

அக்கா, தயவுசெய்து கலைக்காதீர்கள்.

---

பனங்காய் (ஜொகன்னஸ்பர்க்)

நான் யாழ்ப்பாணம், இப்ப ஜோபர்க்கிலை கன்டெம்பரரி படிப்பிக்கிறன். மாமா, சென்னை மாநாடு நல்ல விசயம்தான், ஆனா அது வேறை சாமான். அங்கை முடிஞ்சதைப் பற்றிக் கதைக்கிறவை. தட்டுக்கழி கேக்கிறது முடியாததைப் பற்றி.

வேணுமெண்டா 1984 பம்பாயை நினைச்சுப் பாருங்கோ. மாக்ஸ் முல்லர் பவன் எண்ட ஜெர்மன் கலாசார நிலையக்காரர் கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு எண்டு ஒண்டு வைச்சவை. இந்தியாவிலையும் வெளியிலையும் இருந்து நடனம் அமைக்கிற ஆக்கள் வந்து, ஆடியும் காட்டி, நாள் முழுக்க இருந்து கதைச்சவை. கனகாலமா மேடைப் பக்கமே வராத பரத நடனக் கலைஞர் சந்திரலேகா திரும்ப வந்தது அங்கைதான். அதுக்குப் பிறகு பரதத்தை ஆக்கள் பாத்த விதமே மாறிப் போச்சு.

இஞ்சை ஜோபர்க்கிலை 1989இலை துவங்கின டான்ஸ் அம்ப்ரெல்லா இருந்தது. புதுசா அமைக்கிறவைக்கு அதுதான் பெரிய வாசல். 2018ஓடை முப்பதாவது வருசம், காசில்லாமல் பூட்டியாச்சு. அதுக்குப் பிறகு எங்களுக்கு ஒண்டும் இல்லாமல் போனமாதிரி ஒரு வெறுமை. அப்ப யோசிச்சன், விழா எண்டால் ஸ்பான்சர் வேணும், லைற் வேணும், தியேட்டர் வேணும். ஏழு பேர் ஒரு ஹோலிலை இருந்து கதைக்கிறதுக்கு என்ன வேணும்? அதைப்போய் கலைக்கப் போறியளோ?

---

மெட்டுக்காரி (பீனிக்ஸ்)

தட்டுக்கழி சொன்ன அக்கா நான்தான். எனக்கும் இங்க கணக்கு இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும். 🙂

கண்ணு, மார்ச்ல நடந்ததை நீ பாதிதான் சொல்லியிருக்கே. மீதியை நான் சொல்றேன், அப்பத்தான் இவங்களுக்குக் கூட்டத்துல என்ன நடக்குதுன்னு புரியும்.

இவ பூட்ஸும் சலங்கையுமா எழுந்து நின்னா. ஐடியா பிரமாதம், நாங்க எல்லாரும் வாயைப் பொளந்துட்டோம். ஆனா ஆட ஆரம்பிச்சா என்னமோ இடிக்குது. பூட்ஸுக்கு அடித்தோல் ரெண்டு விரக்கடை தடிமன். ஒரு கால் உசரம், ஒரு கால் பள்ளம். அரைமண்டி உட்கார்ந்தா இடுப்பு ஒரு பக்கம் சாயுது. மூணாவது நிமிஷம் வலது முட்டியைப் பிடிச்சுக்கிட்டா. உம்லாஸித் தம்பி ஒண்ணும் பேசல, வெளியில போனான், ஹாலுக்குப் பின்னாடி சமையல்கட்டுல இருந்து ஒரு பலகைத் துண்டு எடுத்துட்டு வந்து சலங்கைக் கால் கீழே வச்சான். இடுப்பு நேராயிடுச்சு. ஆனா பலகை மேல நின்னா நகர முடியாது. "நகராதே"ன்னான். "எங்க ஊர்ல பாதி ஆட்டம் நின்ன இடத்துலதான். காலை மேல தூக்கி அங்கேயே போடு."

எனக்கு ஆட்டம் தெரியாது, காதுதான். கண்ணை மூடிக்கிட்டு தாளம் தட்டிக்கிட்டிருந்தேன். பூட்ஸ் கால் ஒவ்வொரு தட்டுலயும் ஒரு பொட்டு தள்ளித்தான் விழுது. கனம் அது, தூக்கிப் போட நேரமாகுமில்ல. அவ அதைச் சரிக்கட்ட அவசரப்பட்டு அவசரப்பட்டு மூச்சு வாங்குறா. நான் சொன்னேன், "ஏன்டி துரத்துறே? அரை இடம் தள்ளி எடுப்பா வச்சுக்கோ. வெறுங்கால் சமத்துல, அதாவது தட்டு விழற இடத்துலயே விழட்டும், பூட்ஸ் அரை இடத்துல விழட்டும்." மறுபடி ஆடினா. தகதிமி… தொம். தகதிமி… தொம். ஹால்ல இருந்த வாட்ச்மேன் தாத்தா கதவுகிட்ட வந்து நின்னுட்டார்.

அந்தத் "தொம்" யாரோடது? இவளுதா, பலகை கொண்டு வந்தவனுதா, என்னுதா? எனக்கு இன்னும் பதில் தெரியல.

---

மார்கழி_மாமா

சரி, அந்த "தொம்"மைப் படிக்கும்போதே காலில் ஏறுகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் நானே என் வாதத்துக்கு எதிராகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நாம் ஆடும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற மார்க்கத்தை வரிசைப்படுத்தியவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பத்தொன்பதாம் நூற்றாண்டு, சரபோஜி அரண்மனை. நாலு பேரும் அண்ணன் தம்பிகள். சாம்பாரில் நாலு உப்பு விழவில்லை.

---

சக்கரவாகம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வழக்கறிஞன் என்ற முறையில் பூட்ஸ் விவகாரத்துக்கு மட்டும் வருகிறேன். சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், திண்ணைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் சட்டம். அதில் நடன அமைப்பு நாடகப் படைப்பு என்ற தலைப்புக்குள் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்த வடிவத்தில் அது நிகழ்த்தப்படுமோ அந்த வடிவத்தில் ஏதாவது ஒரு பொருளில் பதிந்திருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும், குறியீட்டில் குறித்திருக்க வேண்டும், படம் பிடித்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஆடிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் சட்டத்தின் கண்ணுக்கு அது காற்றில் கரைந்த மாதிரி. இந்தியாவின் 1957 சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

இன்னொன்று. "ஒரு காலில் சலங்கை, ஒரு காலில் பூட்ஸ்" என்பது எண்ணம். எண்ணத்துக்கு உரிமை கிடையாது. அதை வைத்து நீங்கள் கட்டிய அடவுக் கோர்வை, ஜதியை முடிக்கும் தீர்மானம், உடல் செல்லும் வழி இவற்றுக்குத்தான் உரிமை. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் உங்கள் கோர்வையையே ஆடினார்களா, அல்லது அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேறு எதையோ ஆடினார்களா?

---

தட்டுக்கழி

சக்கரவாகம் சார், வேறதான் ஆடினாங்க. பாட்டு சினிமாப் பாட்டு. பூட்ஸ் மட்டும்தான் அதே. ஆனாலும் வயிறு எரிஞ்சது உண்மை. மேடை ஓரமா "ஐடியா: இன்னார்"னு ஒரு வரி போட்டிருந்தா எரிஞ்சிருக்காது.

அக்கா, நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுதியிருப்பேன்.

---

சலங்கைக்_குட்டி (உம்லங்கா)

ஹாய், நான் 22. மூணு வருஷமா குட்டிப் பிள்ளைங்களுக்கு அமைச்சுத் தர்றேன். இந்த மாதிரி ஒரு கூட்டம் இருக்குன்னே எனக்குத் தெரியாது! யாரைக் கேட்டு சேர்றது?

அந்த "ஸ்கூல் கான்சர்ட்" விஷயம் படிச்சதும் எனக்கே அழுகை வந்துடுச்சு. என்னை யாராவது அப்படிச் சொன்னா நான் ஜென்மத்துக்கும் காட்ட மாட்டேன்.

---

பனங்காய்

அதுக்குத்தான் வாறன். அந்தப் பிள்ளை திரும்பி வராதது ஆற்றை பிழையும் இல்லை, ஒழுங்கு இல்லாததுதான் பிழை. ஆடி முடிச்ச கையோடை "எப்பிடி இருந்தது?" எண்டு கேட்டால் ஆக்கள் வாயிலை முதல் வாறதைத்தான் சொல்லுவினம்.

நாங்கள் இஞ்சை ஒரு முறையைப் பாவிக்கிறனாங்கள். அமெரிக்காவிலை நடனம் அமைக்கிற லிஸ் லெர்மன் எண்டவ 1990இலை உருவாக்கினது. நாலு படி. முதல், பாத்தவை தங்கடை மனசிலை நிண்டதைச் சொல்ல வேணும், நல்லது கெட்டது எண்டு இல்லை, நிண்டது. "வெட்டின கரும்பை வைக்க முதல் உங்கடை விரல் ஒருக்கா நடுங்கினது" எண்டமாதிரி. ரெண்டாவது, அமைச்ச ஆள் கேக்க வேணும்: "ரெண்டாவது சரணத்திலை எங்கை அலுத்தது?" மூண்டாவது, பாத்தவை கேக்கலாம், ஆனா கேள்விக்குள்ளை அபிப்பிராயத்தை ஒளிச்சு வைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீட்டு?" எண்டு கேட்டால் அது கேள்வியே இல்லை, அடி. "நீளத்தை எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?" எண்டு கேக்கலாம். நாலாவதுதான் அபிப்பிராயம். அதுவும் உத்தரவு கேட்டு: "உடுப்பைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம் இருக்கு, கேக்க விருப்பமோ?" விருப்பமில்லை எண்டு சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேணும்.

முதல் ரெண்டு தரம் சரியான செயற்கையா இருக்கும், சிரிப்பு வரும். மூண்டாந்தரம் விளங்கும், அந்த ரெண்டாவது படியிலைதான் எல்லாம் கிடக்கு எண்டு. அமைச்ச ஆளுக்கு என்ன கேக்கிறதெண்டே தெரியாது. கேள்வியைக் கண்டுபிடிக்கேக்கையே பாதிப் பதில் வந்திடும்.

---

மார்கழி_மாமா

உத்தரவு கேட்டு அபிப்பிராயம் சொல்வதா! என் வாத்தியார் இருந்திருந்தால் தட்டுக்கழியை எடுத்து வீசியிருப்பார். (கட்டையைச் சொல்கிறேன், இழையைத் தொடங்கிய அம்மாவை அல்ல.)

---

மெட்டுக்காரி

மாமா, உங்க வாத்தியார் வீசின கட்டை பட்டு எத்தனை பேர் ஆட்டத்தையே விட்டாங்கன்னு யாராவது கணக்கு வச்சாங்களா?

எங்க தலைமுறைக்கு இங்க கட்டை வீசக்கூட ஆள் கிடையாது. 1946-லயே இந்தியா இந்த நாட்டோட வியாபாரத்தை நிறுத்திடுச்சு. 1993-லதான் திரும்ப உறவு வந்துச்சு. அந்த நடுவுல ஊர்லேர்ந்து ஒரு வாத்தியார் வந்து தங்கிச் சொல்லித் தர்றதுங்கறது கனவு. காசு இருந்தவங்க அங்க போய்ப் படிச்சுட்டு வந்தாங்க. மத்தவங்க சினிமா பார்த்து, ரிக்கார்டு கேட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்துக்கிட்டோம். என் முதல் ஜதியை நான் ஒரு தையல்காரம்மாகிட்ட கத்துக்கிட்டேன். அவங்க மெஷின் பெடல்லயே தாளம் போடுவாங்க. கேலி பண்ணாம பார்க்க ஒரு ஆள் கிடைச்சதே அப்ப பெரிய விஷயம்.

---

ஆறடிப்_பேரன்

கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேச வேண்டும். ஏழு பேரில் உம்லாஸித் தம்பி ஒருவர் மட்டும்தான் ஸூலு மொழி பேசுபவர், சரிதானே? அதற்குக் காரணம் இருக்கிறது. 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இந்தியர்களைச் சாட்ஸ்வர்த்துக்கும் பீனிக்ஸுக்கும் தள்ளியது, கறுப்பர்களை உம்லாஸிக்கும் குவாமாஷுக்கும் தள்ளியது. சட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒத்திகை ஹால்கள் இன்னும் அங்கங்கேதான் இருக்கின்றன.

சேர்ந்து ஆடியவர்கள் இல்லாமல் இல்லை. 1990களில் சூர்யா கோவெண்டரின் சூரியலங்கா குழு பரதத்தையும் ஸூலு ஆட்டத்தையும் ஒரே மேடையில் ஏற்றியது. பெயரிலேயே நம்முடைய சூரியனும் அவர்களுடைய இலங்காவும் ஒட்டி நிற்கின்றன, இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஜொகன்னஸ்பர்க்கில் ஜெயேஸ்பரி மூப்பனின் த்ரிபங்கி குழு. இங்கே 1998-லிருந்து குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஜோம்பா விழா, அதைத் தொடங்கியவர் லியான் லூட்ஸ். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாரும் எலிசபெத் ஸ்னெட்டன் அரங்கில் சந்திக்கிறோம், கட்டிப்பிடிக்கிறோம், "அவசியம் ஒரு நாள் உட்கார்ந்து பேசணும்" என்கிறோம். அந்த ஒரு நாள் வருவதே இல்லை. உங்கள் ஹாலில் அது மாதம் ஒரு முறை வந்திருக்கிறது, அக்கா.

2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் இந்தியர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடையே நடந்ததற்குப் பிறகு, பீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் சமையலறையிலிருந்து பலகை எடுத்து வந்து வைத்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

---

தட்டுக்கழி

> ஏழு பேரில் உம்லாஸித் தம்பி ஒருவர் மட்டும்தான்…

ஆமா. நீங்க கேட்டதும் அவருக்கே போன் போட்டேன், ரொம்ப மாசத்துக்கு அப்புறம். "ஏன் தம்பி, மே மாசத்துலேர்ந்தே சீக்கிரம் சீக்கிரம் கிளம்பிப் போனீங்க, பிடிக்கலையா?"ன்னு கேட்டேன். சிரிக்கிறார். கூட்டம் 9 மணிக்கு முடிஞ்சா அவருக்கு வீட்டுக்குப் போக டாக்ஸி கிடையாதாம். டவுன் வரைக்கும் ஒரு மினிபஸ், அங்கேர்ந்து இன்னொண்ணு. கடைசி வண்டி போயிட்டா தெரிஞ்சவங்க வீட்டுல படுத்துட்டு காலையில போவாராம். இதை ஒரு வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்ல. நாங்களும் கேட்கல. எல்லார்கிட்டயும் கார் இருக்கு, தோணவே இல்ல.

வெட்கமா இருந்துது.

---

சலங்கைக்_குட்டி

அப்ப சனிக்கிழமை மதியம் வைக்கலாமே? வெள்ளி ராத்திரி எனக்கும் முடியாது, அப்பா விட மாட்டார் 😅

---

மட்டுறுத்துநர்

நடுவில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பூட்ஸ் நடனம் அமைத்தவர் யார், எந்தப் பள்ளி என்று ஊகித்து எழுதப்பட்டிருந்தது. பெயர் போட வேண்டாம் என்று தொடங்கியவரே கேட்டிருக்கிறார். தொடருங்கள்.

---

தட்டுக்கழி

மூணு நாள் கழிச்சு எழுதறேன். இதை எழுதறதா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

தம்பிக்குப் போன் பண்ணின தைரியத்துல அந்த இன்னொருத்தருக்கும் பண்ணினேன். சண்டை போடத்தான் பண்ணினேன், உள்ளதைச் சொல்லிடறேன். "என் பூட்ஸை எடுத்துட்டியே"ன்னு ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "அக்கா, ஜனவரியில முதல் நாள் நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

இல்ல.

எங்க கூட்டத்துக்கு ஒரு நோட்டு உண்டு. நீலக் கலர், 96 பக்கம், பிள்ளைங்க ஸ்கூல் நோட்டுதான். அன்னிக்கு யாருக்குக் கை சும்மா இருக்கோ அவங்க எழுதுவாங்க. ஜனவரி நான் எழுதியிருக்கேன். எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம், ஹால் வாடகை ஆளுக்கு 60 ரேண்ட், டீ யார் கொண்டு வர்றது, அதுக்குக் கீழ என் கையெழுத்துல:

"கம்பூட் – (அவங்க பேர்) – தாத்தா ரயில்வேல வேலை – ஒரு கால் மட்டும்??"

ரெண்டு கேள்விக்குறி நான்தான் போட்டிருக்கேன். "இதென்ன பைத்தியக்காரத்தனம்"னு நினைச்சுப் போட்டிருப்பேன். ரெண்டு மாசம் கழிச்சு அது என் தலைக்குள்ள எப்படி என்னோடதா மாறிச்சுன்னு தெரியல. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. மார்ச்ல நான் ஆடிக் காட்டினப்போ அவங்க அங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க, அவங்களும் தட்டினாங்க.

நான் கேட்டேன், "ஏன் அப்பவே சொல்லல?" "நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க"ன்னாங்க.

போனை வச்சுட்டு அரை மணி நேரம் சமையல்கட்டுல நின்னேன். பருப்பு அடிப்பிடிச்சது கூடத் தெரியல.

---

மெட்டுக்காரி

…

கண்ணு, நீ இதை இங்க எழுதினியே, அது போதும். நான் அந்த நோட்டுல பிப்ரவரி எழுதினேன். அதுல என் ஐடியான்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கறது வேற யாருதுன்னு பார்க்கவே பயமா இருக்கு.

---

சக்கரவாகம்

என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்வார்கள். நோட்டு மட்டும் மூன்றாவது சாட்சி.

ஆலோசனையாக ஒன்று சொல்கிறேன், இதற்குக் கட்டணம் இல்லை. அந்த நோட்டை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், ஹாலிலேயே இருக்கட்டும். தேதி போடுங்கள். ஆடிக் காட்டுவதை அவரவர் கைப்பேசியில் அவரவரே படம் பிடித்துக்கொள்ளட்டும், அடுத்தவர் பிடிக்க வேண்டுமானால் கேட்டுப் பிடிக்கட்டும். இதுவே பெரும்பாலான சண்டைகளை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒப்பந்தம், கையெழுத்து என்று போனீர்களானால் இரண்டாவது மாதம் ஒருவரும் வர மாட்டார்கள்.

---

பனங்காய்

நிகழ்ச்சித் தாளிலை ஒரு வரி சேருங்கோ. "அமைப்பு: இன்னார்" எண்டதுக்குக் கீழை "கூட இருந்து பாத்தவை:" எண்டு எல்லார்ரை பேரும். நாங்கள் போடுறனாங்கள். ஒருத்தருக்கும் காசு போகாது, ஆனா அந்த வரியிலை தன்ரை பேரைப் பாத்திட்டு வீட்டை போற ஆள் அடுத்த மாசம் கட்டாயம் வரும்.

---

மார்கழி_மாமா

கரும்புத் தோட்டம் ஆடிய பெண்ணை யாராவது கூப்பிட்டீர்களா?

---

தட்டுக்கழி

கூப்பிட்டேன் மாமா. முதல்ல எடுக்கல. அப்புறம் மெசேஜ் அனுப்பினா: "வர்றேன், ஆனா காட்ட மாட்டேன், பார்க்க மட்டும்." அதுவே போதும்னு விட்டுட்டேன். "ஸ்கூல் கான்சர்ட்"னு சொன்னவரும் வர்றார். பனங்காய் சொன்ன நாலு படியை அவருக்கு அனுப்பி வச்சேன். "நாலாவது படிக்கு மட்டும் நான் லாயக்கு இல்ல"ன்னு பதில் போட்டிருக்கார். பார்ப்போம்.

பூட்ஸ் உருப்படியை என்ன பண்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசினோம். வலது கால் அவங்க, இடது கால் நான்னு ரெண்டு பேரா ஆடிப் பார்க்கலாம்னு இருக்கோம். அதாவது ஒருத்தர் ரெண்டு கால்லயும் பூட்ஸ், ஒருத்தர் ரெண்டு கால்லயும் சலங்கை, தோளோட தோள் ஒட்டி. இடுப்பு சாயற பிரச்னை போயிடும்னு நினைச்சேன். இல்ல, இப்ப ரெண்டு பேருக்கும் உசரம் சேரல. அவங்க என்னை விட ஒரு சாண் உசரம். பலகை திரும்ப வேணும்.

---

ஆறடிப்_பேரன்

நானும் வரலாமா? ஆட வராது. தாத்தாவின் கால் சலங்கை வீட்டில் இருக்கிறது. தோல் பட்டையில் கோத்தது, மணிகள் பரதச் சலங்கையைவிடப் பெரியவை, சத்தமும் அடியில் இறங்கிக் கேட்கும். பூட்ஸுக்கு இணையாக அது நிற்குமோ என்று தோன்றுகிறது. பாட்டி கொடுக்க மாட்டேன் என்கிறார், ஆனால் அவரையும் அழைத்து வந்தால் கொடுப்பார்.

---

மெட்டுக்காரி

பாட்டியைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. கூத்துப் பாட்டு ஒரு வரி ஞாபகம் இருந்தாலும் எனக்குப் போதும்.

---

தட்டுக்கழி

முடிவா எழுதிடறேன். வர்ற மாசம் முதல் சனிக்கிழமை மதியம் 2 மணி. 5 மணிக்கு சரியா முடிச்சுடுவோம். அதே கோயில் ஹால், நேரா பின்வாசலுக்கு வாங்க, முன்பக்கம் அன்னிக்குக் கூழ் ஊத்தறாங்க. முடிச்சுட்டு எல்லாருக்கும் கூழ் உண்டு. பாரிஜ் பிரேயர் (கூழ் ஊத்தறதை இங்க அப்படித்தான் சொல்வாங்க) சமயம் பார்க்கிங் கிடைக்காது, ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வந்துடுங்க. டவுன் வரைக்கும் திரும்பிப் போறவங்களுக்கு என் கார்ல மூணு இடம் இருக்கு.

தரை சிமெண்ட். முட்டி, கணுக்கால் பத்திரம். யாராவது ரப்பர் பாய் வச்சிருந்தா கொண்டு வாங்க, ஆனா சுத்தற அடவுக்கு அதுல பாதம் ஒட்டிக்கும், அதனால பாதி ஹாலுக்கு மட்டும் போடலாம். லோட் ஷெடிங் வந்தாலும் பரவாயில்ல, பகல் வெளிச்சம் இருக்கும், மெட்டுக்காரி அக்காவுக்கு மைக் எப்பவும் வேண்டாம்.

சலங்கைக்குட்டி, நீ வரலாம். முதல் தடவை பார்க்க மட்டும் வந்தா போதும். கையில எதுவும் கொண்டு வரலேன்னா நோட்டு எழுதற வேலை உனக்குத்தான்.

---

சலங்கைக்_குட்டி

ஓகே!! அப்பாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார். பேனா என்ன கலர்?